நல்ல ரிசல்ட் வராவிட்டாலும் இருப்பீர்களா?

மும்பை செம்பூரில் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும், அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்கு மாதம் ஒரு கூட்டமும் நடத்துகிற தம்பி ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்களாம். உங்கள் திட்டத்தால் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்ன நன்மை என்று ஆராய்ந்து சொல்கிறோம், காசு எதுவும் வேண்டாம், அறிக்கை உங்களுக்கு, ஆய்வுக் கட்டுரை எங்களுக்கு என்று பேசியிருக்கிறார்கள். "ஒத்துக்கலாமாக்கா, இல்ல சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிடுமா?" என்று கேட்டார். ஒத்துக்கோ என்றுதான் சொன்னேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களிடம், ரிசல்ட் நல்லபடியாக வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடு என்றேன். ஏன் என்று வாட்ஸ்அப்பில் விளக்க ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் தாராவிக்காரி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். இப்போது 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நடக்கும் சின்ன அமைப்பில் வேலை பார்க்கிறேன். பையன்களுக்கு மாலைப் படிப்பு, வயசுப் பெண்களுக்கு ஒரு குழு, அப்புறம் பெற்றோர் கூட்டம். பெரிய அலுவலகமெல்லாம் கிடையாது, கீழே ஒரு அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே பரண் மாதிரி ஒரு மாலா, அவ்வளவுதான்.

எங்களைப் போன்றவர்களிடம் முன்னெல்லாம் யாரும் "தாக்கம் என்ன" என்று கேட்டதில்லை. செலவுக் கணக்கும் நாலு போட்டோவும் கொடுத்தால் போதும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு வந்தபின் நிலைமை மாறியது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றானது. இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறார்கள். 2021 ஜனவரியில் விதிகளைத் திருத்தி, சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களை வெளியாள் வைத்து மதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்றார்கள். சட்டம் பெரிய திட்டங்களுக்குத்தான். ஆனால் பழக்கம் அடிமட்டம் வரை இறங்கிவிட்டது. இரண்டு லட்சம் கொடுக்கிற புண்ணியவான்கூட இப்போது "இம்பாக்ட் ரிப்போர்ட் அனுப்புங்க மேடம்" என்கிறார்.

அந்த ரிப்போர்ட் எப்படித் தயாராகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டேப்லெட்டோடு இரண்டு பேர் வருவார்கள். நாங்களே கூட்டி வைத்திருக்கிற அம்மாக்களிடம், வகுப்பு உங்களுக்குத் திருப்தியா, டீச்சர் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறாரா என்று கேட்பார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்து, டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த அம்மா திருப்தியில்லை என்று சொல்வார்? கிட்டத்தட்ட எல்லோருக்கும் எல்லாவற்றிலும் பரம திருப்தி என்று ஒரு வண்ணப் படம் போட்டு அறிக்கை வரும். கொடுத்தவருக்குச் சந்தோஷம், வாங்கியவருக்குச் சந்தோஷம். பையன் படித்தானா என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும்.

இதனால்தான் பல்கலைக்கழகத்தோடு செய்வதை நான் விரும்புகிறேன். ஒழுங்கான ஆய்வாளர் முதலில் கேட்பது "எதோடு ஒப்பிட்டு?" என்பதை. எங்கள் வகுப்புக்குத் தவறாமல் வருகிற பையன் பத்தாவது பாஸ் பண்ணினால் பேனர் அடித்துப் போடுகிறோம், அவன் வராமல் இருந்திருந்தாலும் பாஸ் பண்ணியிருப்பானா என்பதற்கு எங்களிடம் பதில் கிடையாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், ஆனால் கிளறாமல் மேலே கிடக்கிற பருக்கையை எடுத்து அமுக்கிப் பார்த்தால் அடியில் வெந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? தவறாமல் வருகிறவன் மேலே கிடக்கிற பருக்கை. அவன் வீட்டில் ஏற்கெனவே யாரோ ஒருவர் அவனை விரட்டி அனுப்புகிறார்கள்.

இந்த ஒப்பீட்டை வைத்து உலகமே பேசுகிற அளவுக்கு ஒரு ஆய்வு நடந்ததும் இதே மும்பையில்தான். 1990களின் நடுவில் இங்கே குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பிரதம் அமைப்பு, முனிசிபல் பள்ளிகளில் பால்சகி என்று ஒரு ஏற்பாடு செய்தது. அக்கம்பக்கத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்களைப் பிடித்து, கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுக்கச் செய்தார்கள். சம்பளம் மாதம் 500லிருந்து 750 ரூபாய். மும்பையில் அறைக்கு எங்கே போவது, வராந்தாவில், மைதானத்தில் என்று கிடைத்த இடத்தில் நடந்தது. அமெரிக்காவின் எம்ஐடி ஆட்களான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றும் சிலரும் 2001லிருந்து மும்பையிலும் வடோதராவிலும் இதை ஆராய்ந்தார்கள். (அவர்கள் இரண்டு பேருக்கும் மைக்கேல் கிரெமருக்கும் 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது.)

அதில் எனக்குப் பிடித்தது ரிசல்ட்டைவிட அந்த ஏற்பாடு. ஒரு பள்ளிக்குக் கொடுத்து இன்னொரு பள்ளிக்கு இல்லை என்றால் எந்த ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொள்வார்? அதனால் பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும் மீதிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கும் பால்சகி என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். எந்தப் பள்ளியும் வெறும் கையோடு போகவில்லை, ஒப்பிடுவதற்கும் ஆள் கிடைத்தது. எங்கள் சந்தில் ஒரு சகோதரனைச் சேர்த்து இன்னொருத்தனை வெளியே நிறுத்தினால் அவன் அம்மா வந்து என்னைக் கேட்கிற கேள்வி எந்தப் பேராசிரியரும் கேட்காத கேள்வி. "எம்புள்ள என்ன பாவம் செஞ்சான் டீச்சர்?" இதற்கு வழி இருக்கிறது என்பதைத்தான் அந்த ஆய்வு எனக்குச் சொல்கிறது: யாரையும் விடாமல், யாருக்கு முதலில் யாருக்கு அடுத்த வருஷம் என்று வரிசையை மட்டும் குலுக்கலுக்கு விடலாம்.

ரிசல்ட்டும் நன்றாகவே வந்தது. முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் கூடுதல் பலன், அதுவும் ரொம்பப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு. ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. இதையும் சேர்த்தே அச்சில் போட்டார்கள். அதற்கப்புறம் உத்தரப்பிரதேசத்தில் ஜவுன்பூர் மாவட்டத்தில் அதே பிரதமோடு இன்னொரு ஆய்வு. ஊர்க்கூட்டம் போட்டு, உங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை, பள்ளிக் கமிட்டிக்கு இன்னின்ன அதிகாரம் இருக்கிறது என்று பெற்றோரிடம் எடுத்துச் சொன்னால் மாற்றம் வருமா என்று பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. உள்ளூர் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். கூட்டம் போட்டுப் பெற்றோருக்குப் புத்தி சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்னும் பக்கத்தில் வருகிறேன். சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைப் பிரிவில் இருந்த டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் பெயரை தாராவியில் வயசான பெண்கள் பலருக்குத் தெரியும். 1989இல் ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே தொடங்கியவர். அதே குழந்தைகள் திரும்பத் திரும்ப நோயோடு வருவதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருந்தால் ஆகாது என்று 1999இல் ஸ்னேஹா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜோடும் மும்பை மாநகராட்சியோடும் சேர்ந்து பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள். மும்பையில் 48 குடிசைப் பகுதிகள். அதில் பாதியில், பெண்கள் குழுவாகக் கூடி, கர்ப்பகாலம், பிரசவம், பச்சிளம் குழந்தை பற்றித் தாங்களே பேசி, தாங்களே வழி தேடுகிற கூட்டங்கள். மீதிப் பாதியில் இல்லை.

இதே மாதிரிப் பெண்கள் குழு நேபாளத்தில் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்து, பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் சுமார் 30 சதவீதம் குறைந்தது என்று 2004இல் வந்திருந்தது. ஜார்க்கண்ட், ஒடிசாவிலும் நல்ல பலன், 2010இல் வெளியானது. ஆக மும்பையில் என்ன வரும் என்று எல்லோருக்கும் எதிர்பார்ப்பு. 2012இல் முடிவு வெளியானது. கர்ப்பகால கவனிப்பு, பிரசவம் போன்றவற்றில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பைக் குறைத்ததாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இத்தனை வருடம் சந்து சந்தாக நடந்து, கூட்டம் கூட்டி, பிறப்பு இறப்பு ஒவ்வொன்றையும் வீடு தேடிப் பதிவு செய்து, கடைசியில் இது. எங்கள் அமைப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, எத்தனை பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்போம் என்று தோன்றும். அவர்கள் முழுசாக வெளியிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் காரணமும் புரிகிறது. மலைக்கிராமத்தில் வீட்டிலேயே பிரசவம், பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. அங்கே பெண்கள் கூடிப் பேசினால் மாறுவதற்கு நிறைய இருக்கிறது. மும்பையில் குடிசைவாசிகளும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் பெற்றெடுக்கிறார்கள். போன இடத்தில் கூட்டம், ஒரு கட்டிலில் இரண்டு பேர், எங்கிருந்து எங்கே அனுப்புவது என்ற குழப்பம், அதைச் சந்தில் கூட்டம் போட்டு எப்படி மாற்றுவது? போதாக்குறைக்கு இன்று இருக்கிற குடும்பம் நாளைக்கு மான்கூர்டுக்கோ நாலாசோப்பாராவுக்கோ வாடகை தேடிப் போய்விடும்.

ஆனால் நான் இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்வது அதற்கடுத்து நடந்ததற்காக. கூட்டுறவு அதோடு முடியவில்லை. அதே இரண்டு தரப்பும் சேர்ந்து, குடிசைப் பகுதிக்குள்ளேயே மையம் வைத்து வீடு வீடாகப் போகும் வேறொரு முறையை 40 பகுதிகளில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுத் தேவை நிறைவேறுவதில் பலன் தெரிந்தது, தடுப்பூசியிலும் பிள்ளைகளின் மெலிவிலும் மொத்தமாகப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இல்லை. மறுபடியும் பாதிப் பலன், மறுபடியும் முழுசாக அச்சில். அப்புறம் பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பது பற்றி இன்னொரு பெரிய ஆய்வு, இந்தத் தடவை எங்கள் தாராவியிலும் கோவண்டியிலும். முதல் ரிசல்ட் இப்படி வந்ததும் லண்டன்காரர்கள் பெட்டி கட்டியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

எங்களுக்கு நடந்தது வேறு. சில வருடம் முன்பு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஒருவரும் மாணவர்களும் வந்தார்கள். பெற்றோர் கூட்டத்தால் வீட்டில் பேச்சுவார்த்தை கூடியிருக்கிறதா, அடி உதை குறைந்திருக்கிறதா, பிள்ளை எங்கே போகிறான் யாரோடு சுற்றுகிறான் என்று வீட்டுக்குத் தெரிகிறதா என்பதுதான் ஆய்வு. நன்றாகத்தான் நடந்தது, பிள்ளைகளும் ஒத்துழைத்தார்கள். ஆரம்பத்தில் ஒரு கேள்வித்தாள், வருடக் கடைசியில் அதே கேள்வித்தாள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று போனில் சொன்னார்கள். அறிக்கை அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கப்புறம் மெயிலுக்குப் பதில் இல்லை, போன் எடுப்பதில்லை. மாணவர்கள் எம்ஏ முடித்துப் போய்விட்டார்கள், பேராசிரியர் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார். ஒன்றும் மாறவில்லை என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? கூட்டத்தை நிறுத்துவதா, நேரத்தை மாற்றுவதா, பேசுகிற விஷயத்தை மாற்றுவதா? நிதி கொடுப்பவருக்கு என்ன சொல்வது?

பிறகு இன்னொரு கல்லூரியிலிருந்து வந்த பெண் ஒருத்தி, வேறு வேலையாக வந்தவள், அந்தப் பழைய கேள்வித்தாள்களைத் தரையில் பரப்பிப் போட்டு எங்கள் வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தாள். எங்கள் சந்துக்குப் பின்னால் இட்லிக்காரக் குடும்பங்கள் நிறைய. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் ஆறு மணிக்குள் அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னி சாம்பார் வாளியோடு ஆண்கள் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்புறம் பாத்திரம் கழுவி, அரிசி ஊறப்போட்டு, அந்தப் பெண்கள் தூங்குவதே மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. எங்கள் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. பதிவேட்டில் அந்த வீட்டுப் பெயர்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை, ஆனால் கேள்வித்தாளில் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். கூட்டத்துக்கே வராதவர்களையும் வந்தவர்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன தெரியும்?

அதோடு விடவில்லை அவள். "அக்கா, இந்தக் கேள்வியெல்லாம் எங்க வச்சுக் கேட்டாங்க?" என்றாள். வீட்டில்தான். வீடு என்றால் பத்துக்குப் பதினைந்து அடி ஒரே அறை. பாட்டி கட்டிலில், தம்பி கட்டிலுக்கு அடியில், அம்மா அடுப்பில், கதவைத் திறந்து போட்டிருந்தால் பக்கத்து வீட்டு அத்தையும் வாசலில். அந்த இடத்தில் உட்கார வைத்து பதினாலு வயசுப் பெண்ணிடம், உங்கள் வீட்டில் யாராவது உன்னை அடிக்கிறார்களா, மனசில் இருப்பதை அம்மாவிடம் சொல்ல முடிகிறதா என்று கேட்டால் அவள் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். முதல் தடவையும் எல்லாம் நல்லா இருக்கு, கடைசித் தடவையும் எல்லாம் நல்லா இருக்கு. மாற்றம் எங்கிருந்து தெரியும்? அவள் எங்களோடு சேர்ந்து, காலியாகக் கிடக்கும் பால்வாடி அறையில் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினாள். அந்தப் பேச்சில் வந்தது கேள்வித்தாளில் வந்ததோடு ஒட்டவே இல்லை. கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு மாற்றினோம், அப்பாக்களும் கொஞ்சம் பேர் வந்தார்கள், குடிக்காத நாளில். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. மோசமான ரிசல்ட்டுக்குள்தான் எங்களுக்கு வேண்டிய விஷயம் அத்தனையும் இருந்தது, அதைத் தோண்ட ஆள் இல்லாமல் கிடந்தது என்கிறேன்.

தனியாகப் பேசுவது என்று ஆரம்பித்தால் இன்னொன்று உடனே வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி 18 வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, ஏழு வயசுக்கு மேலே பிள்ளையின் ஒப்புதலையும் வாங்க வேண்டும், பன்னிரண்டுக்கு மேலே எழுத்தில். படிவத்தில் "நீ சொல்வது ரகசியமாக இருக்கும்" என்று இருக்கும். ஆனால் ஒரு பெண் பாலியல் கொடுமையைப் பற்றிச் சொல்லிவிட்டால் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவிக்கணும், மறைத்தால் அதுவே குற்றம். கேள்வி கேட்கிற மாணவிக்கு இருபத்திரண்டு வயசு, வெளியூரிலிருந்து வந்தவள், அடுத்த மாதம் போய்விடுவாள். அந்தப் பெண் குழந்தையோடு ஸ்டேஷனுக்குப் போகிறவர் யார், அதற்குப் பிறகு அதே சந்தில் அந்தக் குடும்பத்தின் முகத்தில் தினமும் விழிக்கிறவர் யார்? நாங்கள்தான். ரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு பேசுவது அவள் விருப்பம்.

உடனே உதவிக்கு நம்பர் வேண்டும் என்றால் 1098, குழந்தைகள் உதவி எண். அந்த எண் வந்த கதையும் இங்கே பொருந்தும். 1996இல் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களத் திட்டமாக, மும்பைத் தெருப்பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததுதான் சைல்டுலைன். அதற்கு முன்பே 1984இல் அதே கழகம் மும்பை போலீஸோடு சேர்ந்து, அடி வாங்கி வரும் பெண்களுக்காக ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவு தொடங்கி, வருடக்கணக்கில் நடத்திக் காட்டி, பிறகு மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கழகமே 1936இல் மும்பை நாக்பாடாவில், கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் நடத்திய அக்கம்பக்கத்து நல இல்லத்தின் அனுபவத்திலிருந்து பிறந்ததுதான், இப்போது இருக்கிற தேவனாருக்கெல்லாம் பின்னால்தான் போனது. ஒரு பல்கலைக்கழகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகாமல் கூடவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே இத்தனை இருக்கிறது.

நாக்பாடா என்றதும் ஜோக்கின் அண்ணன் ஞாபகம் வராமல் போகாது. கோலார் தங்கவயலில் பிறந்த நம்ம தமிழ் ஆள், ஜோக்கின் அற்புதம். 1976இல் டிராம்பே ஜனதா காலனியை இடித்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்குத் துரத்தியபோது எதிர்த்து நின்றவர், குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியவர், 2018இல் காலமானார். அந்த நாக்பாடா இல்லத்தில் வேலை பார்த்த ஷீலா படேலும் தோழிகளும் 1984இல் வெளியே வந்து ஸ்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் இவர்கள் செய்த முதல் வேலை நடைபாதைக் குடும்பங்களை எண்ணியது. எங்கிருந்து வந்தார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று. எண்ணப்பட்டவர்களிடமே அந்தக் கணக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பேசினார்கள். ஜோக்கினும் அவர்களோடு சேர்ந்த பிறகு, மக்கள் தாங்களே தங்களைக் கணக்கெடுப்பது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. அதை வைத்து அதிகாரிகளோடு உட்கார்ந்து வாதாடினார்கள்.

கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது தாராவியில் இப்போது சும்மா பேச்சில்லை. மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீட்டுக் கணக்கெடுப்பு ஆரம்பித்ததிலிருந்து, யாராவது டேப்லெட்டோடு சந்துக்குள் நுழைந்தாலே "எந்த சர்வேண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பு தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் இருந்தால் இங்கேயே 350 சதுர அடி வீடு, இல்லையென்றால் வெளியே. இந்த நிலையில் உங்கள் மாணவர் வந்து வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், வாடகையா சொந்தமா என்று கேட்டால், பிள்ளையின் படிப்புக்காகக் கேட்கிறார் என்று யார் நம்புவார்கள்? ஆய்வுக்குத் தேவையில்லாத அந்தக் கேள்விகளைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். இருந்தே ஆக வேண்டும் என்றால், எழுதுகிற தாள் எங்கே போகும், பெயர் எப்போது நீக்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். செம்பூரிலும் இடிப்பும் சர்வேயும் இல்லாமலா இருக்கிறது.

பணம் பற்றியும் கூச்சமில்லாமல் பேசிவிட வேண்டும். "காசு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னதன் அர்த்தம், அவர்களுக்குக் காசு வேண்டாம் என்பதுதான். வீடு காட்டுவது, தேதி வாங்குவது, விட்டுப்போன குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது எல்லாம் உங்கள் களப்பணியாளர் தலையில் விழும். அந்த அக்கா வாங்குகிற சம்பளத்தில் அவருக்கு இது கூடுதல் வேலை. ஆய்வு நிதியில் அவருக்கு ஒரு தொகை இருக்க வேண்டும், கட்டுரையில் பெயரும் இருக்கலாம், ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் அவரையே கேள்வி கேட்கவும் அனுப்பக் கூடாது. தினமும் தண்ணீர்க் குழாயில் பார்க்கிற ஆளிடம் வீட்டு அடிதடியை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியது என்று நான் கடைசியாகத் தம்பிக்கு அனுப்பியது இவ்வளவுதான். ரிசல்ட் எப்படி வந்தாலும் வெளியிடுவோம், வெளியிடும் முன் உங்களிடமும் பெற்றோரிடமும் தமிழிலும் இந்தியிலும் சொல்லுவோம், பலன் தெரியாவிட்டால் குறைந்தது இன்னும் ஆறு மாதம் வந்து ஏன் என்று சேர்ந்து பார்ப்போம். மூன்றாவதற்குத்தான் முகம் சுளிப்பார்கள். மாணவரின் படிப்பு முடிந்துவிடும், நிதி முடிந்துவிடும் என்பார்கள். நியாயம்தான், அதனால்தான் மாணவரோடு ஒப்பந்தம் போடாமல் துறையோடு போடச் சொல்கிறேன். நீங்களும் பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும்: மோசமாக வந்தால் அறிக்கையை அமுக்க மாட்டேன், நிதி கொடுப்பவரிடம் மறைக்க மாட்டேன் என்று. இது கடினம், தெரியும். அடுத்த வருட நிதியே அதில் தொங்கும். நிதி கொடுப்பவரையும் ஆரம்பத்திலேயே அதே மேசைக்குக் கூப்பிட்டு, என்ன வந்தாலும் ஒரு வருடம் நிறுத்த மாட்டேன் என்று சொல்ல வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஏப்ரல் கடைசியில் ஆரம்பக் கேள்வித்தாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்களாம். வேண்டாம். பரீட்சை முடிந்த மறுநாளே பாதிக் குடும்பம் ஊருக்கு ரயில் ஏறிவிடும், ஜூன் நடுவில் பள்ளி திறந்தாலும் கோயில் கொடை, கல்யாணம் என்று தங்கிவிட்டு மெதுவாகத்தான் வருவார்கள். ஜூலை இரண்டாம் வாரம் வரச் சொல்லுங்கள், மழைக்குக் குடையோடு.